ஆல்பர்ட் மாமாவின் கடைசி இருபது நொடி

"ஆல்பர்ட் அண்ணனுக்கு வெள்ளிக்கிழமையாம், வெள்ளச் சேலையத் தேய்க்கக் குடுத்துட்டேன்" என்று மினிபஸ்ஸின் முன் சீட்டில் இருந்த பெண் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் மடியில் கனத்த மரச்சீனிக் கிழங்குப் பையை இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றிக்கொண்டே, "காலம்பறயா, உச்சைக்கா?" என்று கேட்டாள். காலையென்றால் முழு நாள் லீவு போட வேண்டும், உச்சைக்கு என்றால் அரை நாள் போதுமே என்பது அவள் கணக்கு.

பின் சீட்டில் ஜன்னலோரம் இருந்த விஜிலா முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்த மனிதர் அன்று காலையிலும் பக்கத்து வளவில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றார். ஒரு தும்மல்கூட இல்லை. அந்த வெள்ளிக்கிழமையை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே அவள்தான்.

பனவிளையில் வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில் இருந்தார், அல்லது போவதற்காகப் பெட்டி வாங்கி வைத்திருந்தார். ரப்பர் ஷீட் காயப்போடும் கொடிகளுக்கு அப்பால், சந்தை முக்கில், பேக்கரி மாடியில் இருந்தது ஜெபஸ்டின் சாரின் கோச்சிங் சென்டர். நர்சிங் படித்த நாற்பது பெண்கள் அங்கே காலைதோறும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து, கீழே பன் வேகிற வாசனையை மூக்கில் வாங்கிக்கொண்டு இங்கிலீஷ் சொல்வார்கள். வெளிநாட்டு வேலைக்கான இங்கிலீஷ் பரீட்சையில் பேச்சுக்கு ஏழு மார்க் கிடைத்தால் விமானம், ஆறரை கிடைத்தால் மறுபடியும் மினிபஸ். உள்ளூர் ஆஸ்பத்திரியில் நர்சாக வேலை பார்த்துக்கொண்டே விஜிலா இரண்டு தடவை எழுதினாள், இரண்டு தடவையும் ஆறரை. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இல்லை. ஒரு மனுஷர் எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தால் குரல் தொண்டைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். சொந்த ஊரில் மினிபஸ்ஸை நிறுத்தச் சொல்லக்கூட வாய் வராமல் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடக்கிறவள் அவள்.

"பரீட்சை எடுக்கியவன் உங்களுக்க சொந்தக்காரன் இல்ல, நெசத்தத் தேட மாட்டான்" என்பார் ஜெபஸ்டின் சார். "பொய் சொல்லுங்க, முழிக்க மட்டும் செய்யாதீங்க." அடிக்கடி வருகிற கேள்வி ஒன்று இருந்தது: உங்களுக்கு உதவி செய்த ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுக. ஒருத்திக்கு உதவியது சித்தப்பா, ஒருத்திக்கு டியூஷன் அக்கா, சிலருக்கு யாருமே இல்லை; நாற்பது பேருக்கும் நாற்பது பதில் எழுத சாருக்கு நேரம் ஏது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஆளை அவரே உண்டாக்கினார். நாக்கு எங்கும் இடறாத பெயராகப் பார்த்து ஆல்பர்ட் என்று வைத்தார். மிஸ்டர் ஆல்பர்ட் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், உயரமானவர், நீலச் சட்டை போடுவார், காலையில் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். நான் சிறுமியாக இருந்தபோது சைக்கிளிலிருந்து விழுந்து கால்முட்டு உடைந்தது. அவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றைக்குத்தான் நர்ஸ் ஆக வேண்டும் என்று நான் தீர்மானித்தேன்.

இதை எல்லோரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்பது சாரின் சட்டம். தனித்தனியாகப் படித்தது பரீட்சை அறையில் ஆவியாகிவிடும், கூட்டமாகச் சொன்னது மட்டும் எலும்பில் ஏறும் என்பார். ஒருத்தி தடுமாறினாலும் முதலிலிருந்து. தை மாதம் முழுக்கத் தடுமாறினார்கள். பிறகு ஒரு காலையில் நாற்பது வாயும் ஒரு வாயாகி, ஒரு இடத்திலும் பிசகாமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. கீழே பேக்கரிக்காரர்கூடத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாராம்.

மறுநாள் காலை விஜிலா பல் தேய்க்க வெளியே வந்தபோது, பக்கத்துக் காலி வளவில் நீலச் சட்டை போட்ட உயரமான மனிதர் ஒருவர் ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதே நேரம் நாற்பது வீட்டுக்குப் பக்கத்திலும் அவரே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். விஜிலாவைப் பார்த்ததும் குவளையைத் தாழ்த்தி, "முட்டு இப்போ எப்பிடி இருக்கு மக்ளே?" என்று கேட்டார். அவள் வாழ்க்கையில் சைக்கிளில் ஏறியதில்லை. "கொள்ளாம் மாமா, வலி இல்ல" என்றாள், வாயில் நுரையோடு.

ஊர் அவரைச் சிரமப்படாமல் ஏற்றுக்கொண்டது. நாற்பது இடத்தில் இருக்கிறவருக்கு எந்த வார்டில் வீட்டுவரி போடுவது என்று பஞ்சாயத்தில் இரண்டு வாரம் சண்டை நடந்தது, கடைசியில் ரோஜாச் செடிக்கு வரி இல்லை என்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள். அவர் என்ன சபை என்று பதிலில் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு சர்ச்சிலும், செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலிலும் அவரைப் பார்க்க முடிந்தது, மூன்று இடத்திலும் அதே நீலச் சட்டையில். வளைகுடாவிலிருந்து ஒரு வீட்டுக்காரர் போன் போட்டு, பூட்டிக் கிடக்கிற தன் வளவில் எவன் நடமாடுகிறான் என்று சத்தம் போட்டார். ஆல்பர்ட் என்று சொன்னதும் குரல் தணிந்து, அப்படியென்றால் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் அப்பப்ப எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார். மனைவி உண்டா, எந்த ஊர், என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் அவர் சிரித்தபடி குவளையை நிரப்பப் போய்விடுவார்; அதெல்லாம் பதிலில் இல்லை. பெண்களின் அம்மாக்கள் மாடிப்படி ஏறி வந்து சாரிடம் மனு கொடுத்தார்கள். ஆல்பர்ட்டுக்கு வயரிங் வேலை தெரியும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா, தென்னை ஏறுவார் என்று சேர்க்க முடியுமா, ஒருத்தி அவருக்கு ஒரு ஜீப் இருக்கிறது என்று சேர்க்கக் கேட்டாள். "இது உங்க வீட்டுச் சாமான் லிஸ்டு இல்லம்மா, பரீட்சைக்க பதிலு" என்று சார் எல்லோரையும் திருப்பி அனுப்பினார்.

ஆனால் ஓடுவது பதிலில் இருந்தது. யார் எங்கே விழுந்தாலும் ஆல்பர்ட் வந்து தூக்கிக்கொண்டு ஓடினார். ஆட்டோ சும்மா நிற்கும், ஆம்புலன்ஸ் சும்மா நிற்கும், அவர் இரண்டு கையிலும் ஆளை ஏந்திக்கொண்டு சந்தை வழியாக ஓடுவார். சித்திரையில் விஜிலாவின் அம்மா கனகபாய் முந்திரி ஆலையில் தோல் உரித்துக்கொண்டிருந்தபோது மூச்சிழுப்பு வந்து விழுந்தாள். அந்த நேரம் விஜிலா பேக்கரி மாடியில் நாற்பதில் ஒரு குரலாக, அவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார் என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தால், கீழே ரோட்டில் நீலச் சட்டை ஓடுகிறது, அதன் கையில் அம்மா தொங்குகிறாள், அம்மாவின் ஒரு செருப்பு பஸ் ஸ்டாப்பில் கிடக்கிறது. வாய் மட்டும் நிற்காமல் அடுத்த வரியைச் சொல்லி முடித்தது. கொஞ்சம் பிந்தியிருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்று டியூட்டி டாக்டர் சொன்னார். அதற்குப் பிறகு அம்மா அடிக்கடி சொல்லும் பேச்சு ஒன்றுதான்: "நீ தைரியமாப் போ மக்ளே. பக்கத்துல ஆல்பர்ட் அண்ணன் இருக்காரில்லா." கைக்குழந்தையாக இருந்த விஜிலாவை விட்டுவிட்டுக் கொல்லத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட மனிதனைப் பற்றி அந்த வீட்டில் பேசியதே இல்லை. ஆல்பர்ட் பெயரை இப்போது தினமும் பேசினார்கள்.

ஆடி மாதம் ரிசல்ட் வந்தது. இதே பதிலைச் சொல்லிப் பரீட்சை எழுதிய சாயங்கால பேட்ச்சில் பாதிக்கு மேல் ஆறரை. சார் ஒரு நாள் முழுக்க வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகச் சொல்லவைத்துப் பார்த்தார். பதில் ஒரு நிமிடம் நாற்பது நொடியில் தீர்ந்துபோகிறது. மீதி இருபது நொடி பிள்ளைகள் முழிக்கிறார்கள். அந்த இருபது நொடியில்தான் அரை மார்க் வழிந்துபோகிறது. வேறு ஊரில் ஒரு சென்டரில் இதே மாதிரிப் பதிலுக்கு ஒரு முடிவு சேர்த்து எல்லோரும் ஏழுக்கு மேல் வாங்கிவிட்டார்களாம். திங்கட்கிழமை அந்த முடிவை அவர் போர்டில் எழுதினார்: போன வருடம் மிஸ்டர் ஆல்பர்ட் மாரடைப்பால் இறந்துவிட்டார், அவர் வளர்த்த ரோஜாக்கள் இன்றும் பூக்கின்றன.

யாரோ அழப்போகிறார்கள் என்று விஜிலா நினைத்தாள். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருத்தி கையைத் தூக்கி, "சார், ஹார்ட் அட்டாக்கா, கார்டியாக் அரெஸ்டா?" என்று கேட்டாள், நர்ஸ் அல்லவா.

"ஹார்ட் அட்டாக் போதும். கேக்கியவன் டாக்டர் இல்ல."

வேறு எதையாவது சேர்த்து இருபது நொடியை நிரப்பக் கூடாதா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லோரும் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். விஜிலாவின் கையும் எழுதிக்கொண்டது. எழுதி முடித்த பிறகுதான் போன வருடம் என்பதைத் திரும்பப் படித்தாள். போன வருடம் செத்த மனிதர் இந்தச் சித்திரையில் அம்மாவை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவார்?

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிப் போகும்வரை மாடிப்படியில் நின்றாள். உள்ளே போய், சாருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே, "சார், போன வருஷம்னு சொல்லாண்டாம் சார். அவரு தூக்கினவங்க எல்லாம் இந்த வருஷம் தூக்கினது" என்றாள். அவ்வளவு நீளமாக அவள் சாரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

சார் போர்டைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மருமகளைப் பிரசவ வலியோடு தூக்கிக்கொண்டு ஓடியதும் ஆல்பர்ட்தான், அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று மாதம். "பெரிய ஆபத்துல இருந்து காப்பாத்தினே பிள்ளே" என்று சொல்லி, போன வருடத்தை டஸ்டரால் அழித்துவிட்டு, சமீபத்தில் என்று எழுதினார். புது முடிவோடு எல்லோரும் சேர்ந்து சொல்லுவது வெள்ளிக்கிழமை என்றும் அப்போதே முடிவு செய்தார், பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால்.

அன்று இரவுக்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆல்பர்ட் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்களின் வீட்டிலிருந்தெல்லாம் விஜிலாவைப் பார்க்க வந்தார்கள், ஒருவர் பழக்குலை கொண்டுவந்தார், ஒருவர் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். இந்தப் பிள்ளை மட்டும் யோசிக்காவிட்டால் நம்ம வீட்டு ஆளெல்லாம் போயிருப்பார்களே என்றார்கள். எல்லோரும் போன பிறகு, பழக்குலையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், தான் மாற்றச் சொன்னது தேதியை மட்டும் என்று அவளுக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு அந்த வாரம் அவளுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக அடி விழுந்தது. எங்கே அடக்குவது என்று இரண்டு சர்ச்சும் பேசி முடித்துவிட்டன. வார்டு மெம்பர் நாற்காலிக்குச் சொல்லியாயிற்று. பேக்கரியில் நாற்பது வீட்டுக்கும் கட்டன்சாயாவுக்குக் கூட வைக்க பிஸ்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோபமாக யாரும் இல்லை, வருத்தமாகவும் இருந்தார்கள், நல்ல மனுஷன் என்று மூக்கைச் சிந்தினார்கள். நம்ம பிள்ளைகள் சொல்லி வந்தவர்தானே, பிள்ளைகளுக்காகப் போகிறார் என்றார்கள். ஆல்பர்ட்டிடமும் சொல்லியிருந்தார்கள். பயப்படுவார் என்று பதிலில் இல்லாததால் அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு குவளையை நிரப்பப் போனார்.

மினிபஸ்ஸில் அந்தப் பேச்சைக் கேட்டு இறங்கி வந்த அன்று, புது வரியைத் தான் சொல்லப்போவதில்லை என்று விஜிலா அம்மாவிடம் சொன்னாள். அம்மா புளிமுளக் குழம்புக்கு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து, சட்டியை அடுப்பில் ஏற்றி, மூடிய பிறகுதான் பேசினாள்.

"இன்னொரு தடவ ஆறரை வந்தா என்ன செய்வே?"

விஜிலா தரையில் சிந்திய மீன் செதிலைப் பொறுக்கினாள்.

"ஆலையில என்னை இனிச் சேக்க மாட்டாங்க. கேட்டியா? நீ சொல்லிட்டுப் போ. எனக்கு இழுப்பு வந்தா அப்போ பாக்கலாம்."

சொல்லிவிட்டு ஒரு கிண்ணத்தில் மரச்சீனியும் மீனும் போட்டு, "அண்ணனுக்குக் குடுத்துட்டு வா" என்று நீட்டினாள். சாப்பிடுவது பதிலில் இல்லை என்று அம்மாவுக்கும் தெரியும். சித்திரையிலிருந்து தினமும் கொடுத்தனுப்புவாள், காலையில் கிண்ணம் அப்படியே மதிலில் இருக்கும், எறும்போடு.

வெள்ளிக்கிழமை ஆல்பர்ட் வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றினார், வழக்கம்போல முட்டுக் காயத்தைப் பற்றிக் கேட்டார். விஜிலா ஒன்றும் தின்னாமல் சென்டருக்குப் போனாள். ரோட்டில் வெள்ளைச் சேலைகள் நின்றன. பேக்கரி வாசலில் நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. மாடி ஜன்னல்களை எல்லாம் சார் திறந்துவைத்தார், ஊர் கேட்கட்டும் என்று.

எல்லோரும் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர், உயரம், நீலச் சட்டை, ரோஜா, சைக்கிள், முட்டு, ஓட்டம், தீர்மானம். அது வரைக்கும் விஜிலாவும் சொன்னாள். புது வரி வந்ததும் உதட்டை மூடிக்கொண்டாள். முப்பத்தொன்பது குரல்கள் சொல்லி முடித்தன. சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திறந்து, "எங்கேயோ ஓட்ட விழுது, முதல்ல இருந்து" என்றார். மறுபடியும் சொன்னார்கள், மறுபடியும் ஓட்டை. சார் பெஞ்சுகளுக்கு நடுவே குனிந்து நடந்து ஒவ்வொரு வாயருகிலும் காதைக் கொண்டுபோனார். விஜிலாவின் வாயருகில் நின்றுவிட்டார்.

அவர் திட்டவில்லை. எழுந்து நிற்கச் சொன்னார். "நீ வாய் தெறக்காம இதுல ஒருத்தரும் வீட்டுக்குப் போவ முடியாது, பாத்துக்க" என்று மெதுவாகச் சொன்னார். மறுபடியும் முதலிலிருந்து. வெயில் ஏறி ஜன்னல் கம்பியின் நிழல் போர்டை விட்டு இறங்கியது. பக்கத்தில் இருந்தவள் தொடையில் கிள்ளினாள். பின்னால் இருந்து ஒருத்தி, "நீ ரெண்டு தடவ தோத்தவ, எங்களயும் இழுத்து உள்ள போடாதே டீ" என்றாள். கீழே நின்ற வெள்ளைச் சேலைகள் அரை நாள் லீவு முடியப்போகிறது என்று படியேறி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. அவர்களுக்கு நடுவே அம்மாவும் வந்து நின்றாள். எல்லோரும் வழிவிட்டார்கள்.

"சொல்லு மக்ளே" என்றாள் அம்மா. "நான் தனியா இருந்துக்கிடுவேன்."

விஜிலாவுக்கு அம்மாவின் முகம் இரண்டாகத் தெரிந்தது, பிறகு நான்காக. பெஞ்சைப் பிடிக்கப் போன கை காற்றைப் பிடித்தது. விழும்போது பெஞ்சின் இரும்புக் காலில் முட்டு மோதிப் பிளந்தது. சிமெண்ட் தரையில் ரத்தம் நீளமாக ஓடியது. நாற்பது நர்சுகள் இருந்த அறையில் ஒருத்தி எழுவதற்குள் நீலச் சட்டை உள்ளே வந்துவிட்டது. எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அல்லவா அவர். குனிந்து, அவள் கழுத்துக்கடியில் ஒரு கையும் முட்டுக்கடியில் ஒரு கையும் கொடுத்துத் தூக்கினார்.

"வலிக்குதா மக்ளே?" என்றார், படியில் ஓடிக்கொண்டே.

அவளை அதுவரைக்கும் யாரும் அப்படித் தூக்கியதில்லை. சட்டையில் ஈர மண் வாசனை அடித்தது. சந்தை முக்கு தலைகீழாக ஓடியது, நாற்காலிகள் ஓடின, பஸ் ஸ்டாப் ஓடியது. பின்னால் திறந்து கிடந்த ஜன்னல்களிலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சாரின் குரல் கேட்டது. பிறகு எல்லோரும் தொடங்கினார்கள், முதலிலிருந்து. ஓட்டை போடுகிற வாய் இப்போது அறையில் இல்லை. மீதி எல்லாம் ஒரு வாயாகி, ஒரு பிசகும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது.

"மாமா, என்னை இறக்கி விடுங்க."

இறக்கிவிடுவது ஆஸ்பத்திரியில்தான். அவர் ஓடினார். உயரமானவர் என்றது ஜன்னல். நீலச் சட்டை என்றது. ஆஸ்பத்திரி மதில் தெரிந்தது. அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிதான், வாட்ச்மேன் சங்கிலியைத் தாழ்த்தி வழிவிட்டான். சைக்கிள் என்றது, ஓடினார் என்றது. அவர் கேட்டைத் தாண்டி வேப்பமரத்தடிச் சிமெண்ட் பெஞ்சில் அவளை மெதுவாக உட்காரவைத்து, காலை நீட்டி, முட்டுக் காயத்தைக் குனிந்து பார்த்தார். தீர்மானித்தேன் என்றது தூரத்தில். அவர் நிமிர்ந்து, சட்டையின் மடிப்பைத் தட்டிச் சரிசெய்தார். புது வரி ரோட்டைத் தாண்டி, மதிலைத் தாண்டி, ஒரு வார்த்தைகூடச் சிந்தாமல் வந்து சேர்ந்தது. அவர் இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையில் சரிந்தார். ஊர்ப்பக்கமிருந்து ஒரு பெரிய மூச்சு விடுகிற சத்தம் எழுந்து அடங்கியது.

விஜிலா பெஞ்சிலிருந்து இறங்கினாள். ரத்தம் வடிகிற முழங்காலைத் தரையில் ஊன்றி, நீலச் சட்டையின் பொத்தான்களைப் பிய்த்து, இரண்டு கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அவர் நெஞ்சுக்கு நடுவில் வைத்து முழங்கை மடங்காமல் அமுக்கத் தொடங்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று, கேட்டுக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கும்படி, சத்தமாக எண்ணினாள்.